அமாவாசை பார்த்துக் கிளம்பிய தூண்டில் பயணம்

ஜனவரி 27, திங்கள். கடலூர்

காவிரியிலும் கொள்ளிடத்திலும் தூண்டில் போட்டுப் பழகிய எங்களுக்குக் கடல் எப்போதாவதுதான் வாய்க்கும். அதனால் இந்த முறை மச்சான் வேலைக்கு நடுவே உட்கார்ந்து பெரிய அட்டவணையே போட்டு வைத்திருந்தான். புதன்கிழமை, 29ஆம் தேதி, தை அமாவாசை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமி வாக்கில் சிறுத்துவிடும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும். இந்த வாரம் காலை எட்டு, எட்டரைக்கு ஏற்றம். மதியம் இரண்டரை வாக்கில் வற்றம். அவன் போனில் உள்ள ஆப் புதன்கிழமைக்கு நாலு மீன் படம் போட்டுக் காட்டியது. நாலு மீன் என்றால் மீன் கண்ணை மூடிக்கொண்டு கடிக்குமாம்.

நிலா உச்சியில் இருக்கும் நேரத்தையும் காலடியில் இருக்கும் நேரத்தையும் வைத்து மீன் எப்போது இரை எடுக்கும் என்று சொல்லும் இந்தக் கணக்கை 1926ல் ஜான் ஆல்டன் நைட் என்கிற அமெரிக்கர் ஆரம்பித்து வைத்தார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மச்சானுக்கு உண்டு. அவன் ஜாதகமும் பார்ப்பான்.

மஞ்சக்குப்பத்தில் அறை. நாளுக்கு 900 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். நாங்கள் நாலு மணிக்குக் கிளம்புகிற ஆட்கள் என்றதும் மேனேஜர் சிரித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கூடுதலாகக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "மீனைக் கழுவ பாத்ரூம் வாளிய எடுத்துடாதீங்க சார்."

சாயங்காலம் தேவனாம்பட்டினம். குடியரசு தின விடுமுறைக் கூட்டம் நேற்றோடு போய்விட்டதால் கடற்கரை காலியாகக் கிடந்தது. மிளகாய் பஜ்ஜி நாலு நாற்பது ரூபாய், டீ பன்னிரண்டு. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவரிடம் மச்சான் போனை நீட்டி நாலு மீன் படத்தைக் காட்டினான். அவர் வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு தெரு முனைக் கொடிக்கம்பத்தைக் காட்டினார்.

"கொடி எந்தப் பக்கம் அடிக்குது?"

"தெற்கால."

"அப்ப வாடைக் காத்து. விடிய விடிய இப்படியே அடிச்சா உங்க மீனெல்லாம் போனுலயேதான் இருக்கும்."

ராத்திரி இட்லியும் நெத்திலிக் குழம்பும். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். இந்த மாதத்தில் மாங்காய் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க வாய் வந்தது. இரண்டாவது கரண்டி ஊற்றியதும் மறந்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய். கடலூர் முதுநகர்

நாலரைக்குத் துறைமுகம். மின்விளக்கு வெளிச்சத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிற அம்மா உட்காரவே இல்லை. கூடையைத் தட்டிக் கவிழ்க்கிறார், மேலே கிடக்கிற நல்ல மீனை ஒதுக்கி அடியில் இருப்பதையும் காட்டுகிறார், விலையை ஏற்றுகிறார், முடிந்ததும் கூடையின் மேல் ஒரு கைப்பிடி ஐஸைப் போடுகிறார். அந்த ஐஸ் விழுந்துவிட்டால் அப்புறம் பேரம் கிடையாது. ஒரு ஆள் பேச வாயெடுத்தார், அதற்குள் அந்த அம்மா அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

எங்களுக்குச் சொல்லி வைத்திருந்த ஃபைபர் படகுக்காரர் ஐந்து மணிக்கே வந்துவிட்டார். ஆனால் கிளம்பவில்லை. முகத்துவாரத்துப் பக்கம் நடந்து போய் நின்று பார்த்தார், திரும்பி வந்து பீடி பற்றவைத்தார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எட்டு மணிக்கு ஏத்தம். அதுக்கு முன்னாடி உள்ள போயிடணும்ல?" என்றான்.

"ஏத்தம் அதுபாட்டுக்கு வரும் தம்பி. நம்ம கடல்ல தண்ணி ஏறி எறங்கறது இவ்வளவுதான்" என்று இடுப்புக்குக் கையை வைத்துக் காட்டினார். "காத்துதான் நம்மள வெச்சு செய்யும்."

அவர் சொன்னது சரிதான். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்கும். அங்கே ஓத அட்டவணை இல்லாமல் படகை அவிழ்க்கக் கூட முடியாது. சோழமண்டலக் கரையில் பெரிய ஓதத்துக்கே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், சின்ன ஓதத்துக்கு அதில் பாதிகூட வராது. நேரான மணல் கரையில் அந்த ஒரு மீட்டரை ஒரு நல்ல காற்று அழித்து எழுதிவிடும். அது ஆற்று வாயிலும் உப்பங்கழியிலும்தான் கண்ணுக்குத் தெரியும். மச்சானின் அட்டவணையில் ஏற்றம், வற்றம், பிறை, சூரிய உதயம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. காற்றுக்குக் கட்டம் இல்லை.

ஆறேகாலுக்குக் கொஞ்சம் அடங்கியது. முகத்துவாரம் தாண்டும்போது படகு இரண்டு முறை தூக்கிப் போட்டது, என் பல் ஒன்றோடொன்று இடித்தது. பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில் நங்கூரம். படகு மூக்கை வடக்கே வைத்து நின்றது. நூறு கிராம் ஈயம் தரையில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது, இருநூறு கட்டியபிறகுதான் நின்றது. நாங்கள் ராடை விரித்து, ரீலைச் சரிசெய்து, முடிச்சைப் பல்லால் இறுக்கி முடிப்பதற்குள் படகுக்காரரின் தம்பி வெறும் கைநரம்பில் (ராடு இல்லாமல் கையிலேயே பிடிக்கும் தூண்டில் நூல்) இரண்டு சங்கராவை ஏற்றிவிட்டார். நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் மட்டும் தொட்டபடி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் தோல் தடித்துப் பழுப்பாகிக் கிடக்கிறது. மீன் முதல் தட்டு தட்டும்போது அசையவில்லை. இரண்டாவது தட்டுக்கும் இல்லை. பிறகு நரம்பு லேசாகத் தளர்கிற ஒரு கணம் வருகிறது, அப்போது முழங்கையோடு ஒரு வெட்டு. "தட்டறப்ப இழுத்தா இரைதான் சார் போகும். அது வாயில வெச்சிகினு மேல வரும் பாருங்க, அப்ப நரம்பு லூசாகும்."

அதைக் கற்றுக்கொள்ள வந்ததாக வைத்துக்கொண்டால்கூட இந்தப் பயணம் தகும். எனக்கு நாலு சங்கரா, ஒரு சின்னப் பாரை. மச்சான் எட்டு மணியிலிருந்து படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அதாவது, சரியாக ஏற்றத்தின் உச்சியில். அந்தத் தம்பி எலுமிச்சம்பழத்தைக் கடித்து அவன் மூக்கருகே நீட்டினார், கேலி எதுவும் செய்யவில்லை. ஒன்பதரைக்குக் கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தது. படகுக்காரர் யாரையும் கேட்காமல் நங்கூரத்தை இழுத்தார்.

வாடகை 3,000 என்று பேசியிருந்தோம். சீக்கிரம் திரும்பியதால் 2,500 போதும் என்றார். மூவாயிரமே கொடுத்தோம், ஐந்நூறைத் திருப்பி மச்சான் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

கரையில் டீ குடிக்கும்போது வருஷக் கணக்கைச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை, மீன் முட்டையிடும் காலம். தடை முடிந்த முதல் வாரம் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கடலைவிடக் கூண்டைத்தான் அதிகம் பார்ப்போம் என்றார், துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை. தையில் வாடை மெல்ல ஓயும், மாசி பங்குனியில் கடல் படுத்துக்கிடக்கும். "நீங்க ஒரு மாசம் முன்னாடியே வந்துட்டீங்க" என்றார். அப்புறம்தான் அடுத்த குண்டு: "நாளைக்கு அமாவாசை. எங்க வூட்டுல படகு எடுக்க மாட்டோம்."

மச்சான் என்னைப் பார்த்தான். நாலு மீன் நாளைக்குத்தான்.

ஜனவரி 29, புதன். தேவனாம்பட்டினம், தாழங்குடா

காலை ஆறு மணிக்கே கடற்கரைக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. தை அமாவாசைத் தர்ப்பணத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வரிசையாக வாழையிலை, எள், பச்சரிசி மாவுப் பிண்டம், அகத்திக்கீரைக் கட்டு பத்து ரூபாய். ராடு உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நடப்பது கூச்சமாக இருந்தது. ஒரு பாட்டி அது என்ன என்று கேட்டு, தூண்டில் என்று தெரிந்ததும், "இன்னிக்கா?" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மணி தாண்டியதும் தண்ணீர் ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் இலையை இழுத்துக்கொண்டு போனது. புரோகிதர் மந்திரத்தை நிறுத்தாமலேயே பித்தளைச் செம்பை எட்டிப் பிடித்தார். எல்லோரும் பத்தடி பின்னால் போய் மறுபடி உட்கார்ந்தார்கள். மச்சான் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவன் அட்டவணை நிமிடக்கணக்கில் சரியாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

காலை டிபனுக்கு மீன் குழம்பு கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் பாதிக் கடை இன்று சைவம். மார்க்கெட்டில் மீன்கார அம்மாக்கள் ஏழெட்டுப் பேர்தான், சங்கரா கிலோ 250க்குக் கூவிக்கொண்டிருந்தார்கள், நேற்று 380. அமாவாசை இருட்டில் வலை கண்ணுக்குத் தெரியாமல் மீன் நன்றாகச் சிக்கும், அதே அமாவாசையில் கரையில் தின்ன ஆள் இருக்காது. நிலா மீனை என்ன செய்கிறதோ, மார்க்கெட்டை நன்றாகவே ஆட்டுகிறது.

பத்து மணிக்குத் தாழங்குடா, தென்பெண்ணை கடலில் சேரும் இடம். எங்கள் திட்டத்தில் நம்பிக்கையான பகுதி இதுதான். ஆற்று வாயில் ஏற்றம் முடிந்து தண்ணீர் வடிய ஆரம்பிக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம், கழியில் இருக்கும் இறாலும் குஞ்சு மீனும் ஓட்டத்தோடு வெளியே வரும். கொடுவா அதற்காக வாய்க்கால் விளிம்பில் காத்திருக்கும். எந்த விளிம்பு என்பதற்கு மச்சானிடம் தெரிந்த ஒருவர் அனுப்பிய செயற்கைக்கோள் படம் இருந்தது, சிவப்புப் புள்ளியோடு.

சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் மணல்மேடு. அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. அதை ஒட்டிச் சாத்தனூர் அணை திறந்து பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது எல்லோரும் செய்தியில் பார்த்ததுதான். அந்த வெள்ளம் ஆற்று வாயையும் புரட்டிப் போட்டிருக்கிறது. பழைய மேடு கரைந்து, புது மேடு வந்து, ஓடை வடக்கே நகர்ந்திருந்தது. வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் புது ஓடையைக் காட்டினார். "தண்ணி கலர் மாறற இடத்தைப் பாரு தம்பி, அங்கதான் ஆழம்." அவர் வலையில் மடவை துள்ளியது. உயிர் இறால் பத்து, நூறு ரூபாய்க்குக் கொடுத்தார். பிறகு இன்னும் நாலைச் சும்மா போட்டார்.

பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல ஓட்டம். தண்ணீர் கணுக்காலை உரசிக்கொண்டு கடலுக்குப் போனது. மச்சானுக்கு ஒரு கொடுவா அடித்தது, ரீல் கத்தியது, மீன் ஒரு முறை முழுசாக மேலே வந்து தலையை உதறியது. இரண்டு கிலோவுக்குக் குறையாது. அத்தோடு சரி. நரம்பின் நுனி சுருண்டு வந்தது. செவுள் விளிம்பு கத்தி, அதில் உரசி அறுந்திருக்கும். அவன் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். வலைக்காரர், "கொடுவாய்க்கு முன்னாடி தடி நரம்பு அரைப் பாகமாவது கட்டணும்" என்றார், யாரும் கேட்காமலே.

இரண்டு மணிக்கு ஆறு ஒட்டி, சேறு வெளியே வந்துவிட்டது. திரும்பும்போது என் இடது செருப்பை அது வாங்கிக்கொண்டது. கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன், சிப்பி கீறியதுதான் மிச்சம். ஒரு கால் வெறுங்காலாக மெயின் ரோடு வரை நடை. மாலையில் மஞ்சக்குப்பத்தில் 180 ரூபாய்க்கு ரப்பர் செருப்பு. ராத்திரிச் சாப்பாடு வாழைக்காய் வறுவல், பூசணிக்காய் சாம்பார், பாயசம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மச்சான் பேசவில்லை.

ஜனவரி 30, வியாழன். புதுச்சேரி

இருபது சொச்சம் கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். நேராகத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். இங்கே ஓதத்துக்கு உண்மையிலேயே மரியாதை இருக்கிறது. முகத்துவாரம் மணல் தூர்ந்து தூர்ந்து பெரிய படகுகள் வற்றத்தில் தரை தட்டும். அதனால் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் உள்ளே வருவதும் வெளியே போவதும். நாங்கள் போனபோது ஏற்றத்தின் கடைசிக் கட்டம். விசைப்படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரு படகு மட்டும் மணல் திட்டில் உரசி நின்று, புகையாகக் கக்கிவிட்டு, அடுத்த அலையில் எழும்பி உள்ளே வந்தது. கரையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

மணல் விஷயம் சுவாரசியமானது. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போய்ப் பாறாங்கல் கொட்ட வேண்டி வந்தது. 2018ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் எதிரே தண்ணீருக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கியபிறகு கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. தூண்டில்காரனுக்கு இது தேவையா என்றால், தேவை. மீன் கல்லிடுக்கில் நிற்கும், கல் எங்கே இருக்கிறது என்பது இந்தச் சண்டையில் முடிவாகிறது.

மதியம் மெஸ்ஸில் மீன் சாப்பாடு 160, வஞ்சிரம் துண்டு தனியாக 200. துண்டு மெல்லிசு, மசாலா கனம். சுறாப் புட்டு மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கினோம். அமாவாசை விரதம் முடித்த ஊரே இன்று மீன் தின்ன வந்ததால் உட்கார இடம் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. எதிரே இருந்தவர் தன் தட்டிலிருந்த கருவாட்டுத் தொக்கை எங்கள் பக்கம் தள்ளி, "இத சாப்புட்டுப் பாருங்க" என்றார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வீராம்பட்டினம். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரோடு பேச்சு. 1990களின் கடைசியில் இங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்த கிராம அறிவு மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். கொஞ்சம் தெற்கே நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, அங்கிருந்த ஒலிபெருக்கிதான் ஊரையே காலி செய்ய வைத்தது. இப்போது எல்லாம் போனிலேயே வருகிறது, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் அலை எச்சரிக்கை, மீன் கூடும் இடம் உட்பட.

"அப்ப இன்னும் எதுக்கு வானத்தைப் பாக்கறீங்க?" என்றான் மச்சான்.

"போன்ல காத்து நாளைக்கு எப்படின்னு போடறான். இப்ப எங்க நிக்கிதுன்னு நாந்தான பாக்கணும்?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாடை நின்றுபோயிருந்தது. அவர்தான் முதலில் கவனித்தார். "காலையில வாங்க" என்றார்.

ஜனவரி 31, வெள்ளி. வீராம்பட்டினம், திருச்சி

போனில் இன்றைக்கு ஒரே ஒரு மீன் படம். கடல் சலனமில்லாமல் இருந்தது. விடியலில் இருந்து ஒன்பது வரை கரையிலிருந்தே வீசினோம். கிழங்கான் வரிசையாக வந்தது, சின்னது பெரியது கலந்து, எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மச்சானுக்கு முக்கால் கிலோவில் ஒரு காலா. நேற்றைய ஆள் வந்து பார்த்துவிட்டு, சின்னக் கிழங்கான்களைத் தண்ணீரில் விடச் சொன்னார். விட்டோம்.

கூபேர் மார்க்கெட்டில் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ நண்டு, கிலோ 450. அமாவாசை நண்டுதான் சதைப்பிடிப்பு, பௌர்ணமி நண்டு உள்ளே காலி என்று விற்ற அம்மா சத்தியம் செய்தார். இரண்டு நாள் முன்பு யாரும் வாங்காத நண்டு என்பதால் அப்படிச் சொல்கிறாரோ என்று தோன்றியது. மச்சான் நம்பி, இன்னும் அரைக் கிலோ சேர்த்து வாங்கினான். தெர்மோகோல் பெட்டி, ஐஸ், டேப் எல்லாம் சேர்த்து 120.

விழுப்புரம் தாண்டியதும் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு கோடு தண்ணீர் கிளம்பி, பஸ்ஸின் நடுவழியாக ஓடி, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் துணிப்பைக்குள் போய்விட்டது. அவர் எழுந்து பையைத் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "நண்டா?" என்றார். ஆமாம் என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தால், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்டார். நானூற்றைம்பது என்றதும் சத்தமாக, "ஏமாத்திட்டாங்க சார் உங்கள" என்றார். உளுந்தூர்ப்பேட்டை வரை அதைப் பற்றித்தான் பேச்சு.